கார் புத்தகத்தில் ரத்தினம்மா

வெள்ளிக்கிழமை காலையில் ரத்தினம்மாவுக்கு முதல் வேலை காரைத் தள்ளுவது. அதிகமில்லை, ஒரு சாண். மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சாண். பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருக்கும் கல்லைக் காலால் நகர்த்திவிட்டு, பின்னால் போய் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஒரு தள்ளு. கார் முனகிக்கொண்டு நகரும். உடனே ஓடிப்போய்க் கல்லை வைத்துவிட வேண்டும். அடுத்த வெள்ளி முன்னால் நின்று பின்னுக்குத் தள்ளுவாள். ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகி வெடித்துப்போகும் என்று இராமையா கிளாக்கர் சொல்லிவிட்டுப் பாரிசவாதத்தில் படுத்தவர். படுத்தவர் எழும்பவில்லை; இரண்டு வருடம் கிடந்து போய்ச் சேர்ந்தும்விட்டார். கார் மட்டும் அந்தத் தகரக் கொட்டகைக்குள் வாரம் ஒரு சாண் போய் வந்துகொண்டிருந்தது.

தள்ளி முடிந்ததும் துடைப்பு. பழைய பெனியன் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு முன்பக்கத்து வெள்ளிக் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவிவிடுவாள். பிறகு கதவோரத்தில் இருக்கும் சிக்னல் கைகள். அது பழைய மோரிஸ் மைனர். திரும்பும்போது விளக்கு மினுங்காது, மஞ்சளாய் ஒரு சின்னக் கை பக்கவாட்டில் வெளியே நீளும். அந்தக் கையின் மூட்டுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். இதெல்லாம் முடிய ஏழரை மணியாகும். அறுபத்து நான்கு வயது முதுகு அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நிமிராது.

அன்றைக்கு அவள் கல்லை வைத்துவிட்டு நிமிர்கிறபோது வாசலில் ஒரு வான் வண்டி வந்து நின்றது.

"ரத்தினம், பொஸ்தகம் கெடச்சிச்சா?"

வானிலிருந்து இறங்கும்போதே கேட்டான் சந்திரபோஸ். கிளாக்கரின் ஒரே மகன். வத்தளையில் குடியிருப்பு, கொழும்பில் வங்கி உத்தியோகம், நாற்பத்து மூன்று வயது. மூன்று வயதிலிருந்து அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவள் ரத்தினம்மா. ஆனாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஐந்து வயதில் ஒருநாள் வாய் தவறி அவளை அம்மா என்றதற்குக் கிளாக்கர் அவன் தொடையில் பழுக்கப் பழுக்கக் கிள்ளினார். அதற்குப் பிறகு அவனுக்கு வாய் தவறியதில்லை.

"தேடிக்கிட்டுத்தான் தம்பி இருக்கேன். எலி கிலி இழுத்துக்கிட்டுப் போயிருச்சோ என்னவோ."

"எலிக்கு எதுக்குக் கார் பொஸ்தகம்? லைசென்ஸ் எடுக்கப் போகுதா?" என்று சிரித்தாள் அவன் பெண்டாட்டி கோமளா. பள்ளிக்கூடத்து டீச்சர். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு முடிந்த பிறகுதான் எங்கே பட்டது என்று தெரியும்.

"எங்கயாச்சும் இருக்கும் டீச்சரம்மா. தேத்தண்ணி ஊத்தவா?"

காரின் பதிவுப் புத்தகம் எலியிடம் இல்லை. ரத்தினம்மாவின் பின்னறையில், அவளுடைய தகரப்பெட்டியில், கம்பளிக்குக் கீழே, ஒரு தலையணை உறைக்குள் இருந்தது. கிளாக்கர் செத்த மறுநாள், ஆட்கள் எல்லாம் சுடலைக்குப் போயிருந்த நேரத்தில், அலுமாரியைத் திறந்து அவள் எடுத்த ஒரே சாமான் அதுதான்.

அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால், எழுபத்தைந்தாம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அப்போது கிளாக்கர் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கு வழக்கு எழுதும் பெரிய கிளாக்கர். பெண்டாட்டி பாப்பம்மா அறுபத்து நான்கிலேயே மஞ்சட்காமாலையில் போய்விட்டாள். சமையலுக்கென்று இருபத்தொரு வயதில் அந்த வீட்டுக்கு வந்திருந்த ரத்தினம்மா, பாப்பம்மாவின் எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகு பிள்ளைக்காக அங்கேயே தங்கினாள். அடுத்த வருடம் முதல் கிளாக்கருக்காகவும் தங்கினாள். சம்பளம் அதோடு நின்றது. தாலியும் இல்லை, பதிவும் இல்லை. கூலிக்காரர் லயத்துப் பெண்கள் முகத்துக்கு நேரே அம்மா என்றும் முதுகுக்குப் பின்னால் வேறு விதமாகவும் சொன்னார்கள்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடம், வெள்ளைக்காரத் துரை கார்ஸ்டன் ஊருக்குப் போகப் பெட்டி கட்டினார். தன் மோரிஸ் மைனரைக் கிளாக்கரிடம் கொடுத்து, மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். கிளாக்கருக்குக் கால் தரையில் படவில்லை. கண்டியில் மோட்டார் வாகனப் பதிவுக் கந்தோருக்குப் போனபோதுதான் தரையில் பட்டது. அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள். அவரிடம் அட்டை இல்லை. கல்யாணம் கட்டுவதற்காக இந்தியாவுக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்ததால், தொடர்ந்து இங்கே வசித்ததற்கு அத்தாட்சி போதாது என்று அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தை ஐம்பத்தாறிலேயே தள்ளியிருந்தார்கள். ஆயிரம் பேருக்குப் பேர்ப்பதிவு எழுதிய பெரிய கிளாக்கர் நாடில்லாத ஆள்.

நாடு இருந்தது அடுப்படியில். ரத்தினம்மாவின் அப்பா கறுப்பையா கண்டி நகரசபையில் வீதி கூட்டியவர். யாரோ ஒரு தொழிற்சங்கத்துக்காரர் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்து, குடும்பத்தோடு பிரஜையாகிவிட்டிருந்தார். அதனால் அவளிடம் அட்டை இருந்தது. கிளாக்கர் அந்த அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கக்கூஸ் கழுவுறவன் மகளுக்கு இருக்குது, எனக்கு இல்ல," என்றார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

காரை அவள் பேரில் எழுத முடிவு செய்தார். வெளி ஆள் பேரில் எழுதினால் நாளைக்குக் கார் எனது என்று நிற்பான், இவள் நிற்கமாட்டாள். தோட்டத்துக் கடிதத் தாளில், இவள் இன்னாரின் மனைவி என்று தானே டைப் அடித்து, போகிற அவசரத்தில் இருந்த துரையிடம் கையெழுத்து வாங்கினார். புத்தகம் வந்தது. சொந்தக்காரர் பெயர்: மிஸஸ் இராமையா ரத்தினம்மா.

அதற்குப் பிறகு பத்து நாள் அவர் அவளுக்குக் கையெழுத்துப் பழக்கினார். பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு, மேசைக்கு முன்னால் கதிரை போட்டு உட்காரவைத்து, கொழுந்து நிறுத்த தாள்களின் பின்பக்கத்தில். இராமையா ரத்தினம்மா. இராமையா ரத்தினம்மா. இருட்டில் எத்தனையோ தரம் தொட்ட கை, பகல் வெளிச்சத்தில் அவள் கையைப் பிடித்தது அந்தப் பத்து நாளில்தான். பதினோராம் நாள் ஏதோ தாள்களில் எழுதச் சொன்னார். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது அந்த இரண்டு சொல் மட்டும்தான். இன்றைக்கும் அது மட்டும்தான்.

கண்டிக்குப் போனால் கிளாக்கர் ஓட்டுவார், பக்கத்தில் போஸ், பின் சீட்டில் மரக்கறிக் கூடையோடு காரின் சொந்தக்காரி. முன்னால் உட்கார்ந்தால் ஊர் பேசும் என்பார்.

ஓய்வு பெற்றுக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தார்கள். முதலில் வாடகை, தொண்ணூற்றொன்றில் அதே வீட்டைப் போஸ் பேரில் வாங்கினார். அதற்கு முன்னால், எண்பத்தெட்டில், பாலத்தடியில் ஆமிக்காரர்கள் காரை மறித்தார்கள். கிளாக்கர் புத்தகத்தைக் கொடுத்தார். ஒரு பொடியன் ஆமிக்காரன் அதை வாசித்து, பின் சீட்டில் கூடையோடு இருந்தவளைப் பார்த்து, அவரிடம் கேட்டான்: "ஓயா நோனாகெ ட்ரைவர்த?" நீ நோனாவின், அதாவது இந்தச் சீமாட்டியின், டிரைவரா என்று. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கிளாக்கரும் சிரித்து, ஓம் என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அவளை அடித்தார். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் அவளுடைய பேர் நோனா. "ஏய் நோனா, தண்ணி கொண்டா." "நோனாவுக்குக் காது கேக்கலியா?"

பாரிசவாதம் வந்து படுத்த பிறகு நிலைமை மாறியது. கட்டிலிலிருந்து குளறுகிற வாயால் "ரத்தினம்... ரத்தினம்..." என்று கூப்பிடுவார். அவள் அடுப்படியிலிருந்து பதில் சொல்வாள்:

"நோனா கடைக்குப் போயிருக்காங்க. வந்தா சொல்றேன்."

சொல்லிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். ஈரத்தில் அரைமணி, முக்கால்மணி கிடப்பார். எல்லா நாளும் அப்படிச் செய்யவில்லை. செய்த நாட்களில் அவளுக்குச் சோறு நன்றாக இறங்கியது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் புத்தகம் என்று வந்தால் அவள் மனம் வேறு கணக்குப் போட்டது. எண்பத்தொன்பதில், நாடில்லாமல் இருந்த எல்லோருக்கும் பிரஜாவுரிமை கொடுத்தபோது, கிளாக்கருக்கும் அட்டை கிடைத்தது. நினைத்திருந்தால் மறுநாளே காரைத் தன் பேருக்கு மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. நோனா நோனா என்று குத்திக்கொண்டே இருந்தாரே தவிர, அந்தப் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. வாயால் சொல்லாததை அந்த மனுசன் அங்கே சொல்லி வைத்திருக்கிறார் என்று ரத்தினம்மா நம்பினாள். கார் ஓடாத கார். அதை வைத்து அவள் என்ன செய்ய? ஆனால் அந்தப் பெயர் உள்ள புத்தகம் கையில் இருக்கும்வரை, கிளாக்கர் பெண்டாட்டியைக் கிளாக்கர் வீட்டிலிருந்து எழும்பு என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. புசல்லாவையில் அண்ணன் மகள் அங்கம்மா இருந்தாள். ஒற்றை அறை லயக் காம்பிராவில் ஏழு பேர். அங்கே எட்டாவதாகப் போய் நிற்பதை அவள் நினைத்தும் பார்க்க விரும்பவில்லை.

தேத்தண்ணியை வைத்தபோது போஸ் மேசையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து வைத்திருந்தான்.

"இங்க வா. இது யார் கையெழுத்து?"

பழுப்பேறிய தாள். எழுத்துகள் அவளுக்குத் தெரியாது. அடியில் கோணல்மாணலாக இருந்த இரண்டு சொல் தெரிந்தது. ரத்தினம்மாவில் கால் வாங்கும் இடத்தில் மை கொட்டியிருந்தது. அந்த மைக்காகக் கிளாக்கர் விரல் முட்டியில் அடிமட்டக் கோலால் ஒரு தட்டுத் தட்டியது இப்போதும் நினைவிருந்தது.

"என்னுதுதான்."

"இது என்னா பேப்பர் தெரியுமா?"

"ஐயா எழுதச் சொன்னாரு, எழுதுனேன்."

"ஓபன் பேப்பர். காரை விக்கிறவங்க கையெழுத்து மட்டும் வச்சுக் குடுக்கிறது. வாங்குறவங்க பேர் எழுதுற எடம் சும்மா இருக்கும். அதுல எப்ப வேணுமானாலும் யார் பேரையும் எழுதிக்கலாம். தேதியப் பாரு. பொஸ்தகம் ஒன் பேருக்கு வந்து பதினோரு நாள்." அவன் குரலை உயர்த்தவில்லை, வங்கியில் கடன் மறுக்கிற குரல். "அப்பா ஒனக்கு எழுதப் பழக்கினது எதுக்குன்னு நெனச்ச? பள்ளிக்கொடம் அனுப்பவா?"

கோமளா சிரித்தாள். "பாவம், விடுங்க."

"இல்ல, தெரியணும். எண்பத்தொம்போதுல ஐடென்டி கெடச்சும் அவர் ஏன் மாத்தலன்னு கேட்டேன் நானே. இது அலுமாரியில இருக்குதே, மாத்துறதுக்கு என்னா அவசரம்னாரு. பெண்டாட்டின்னு ஏன் எழுதினீங்கன்னும் கேட்டேன். வேலைக்காரிக்கு ஏது கார்னு கந்தோர்ல கேப்பான், பெண்டாட்டின்னா கேக்க மாட்டான்னாரு. அவ்வளவுதான் கதை."

இந்தப் பேப்பரை நிரப்பிக்கொண்டு போனவாரம் அவன் கண்டிக் கந்தோருக்குப் போயிருந்தான். இந்தப் படிவம் வழக்கொழிந்து இருபது வருடமாகிறது, செல்லாது என்றார்கள். புத்தகம் வேண்டும், புதுப் படிவத்தில் சொந்தக்காரி கையெழுத்து வேண்டும், அட்டை வேண்டும். அட்டையில் கறுப்பையா ரத்தினம்மா என்று இருந்தால், புத்தகத்தில் ஏன் இராமையா ரத்தினம்மா என்பதற்குச் சத்தியக்கடதாசி வேண்டும். எல்லாவற்றையும் அவன் எழுதுவித்துக் கொண்டு வந்திருந்தான்.

ரத்தினம்மா எழுந்து பின்னறைக்குப் போனாள். பெட்டி மூடி கிறீச்சிட்டது. தலையணை உறையோடு கொண்டுவந்து புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"பாத்தீங்களா, எலி திருப்பிக் குடுத்திருச்சு," என்றாள் கோமளா.

"ஒரு கொப்பி மட்டும் அடிச்சுக் குடுங்க தம்பி. அந்தப் பேர் இருக்கிற பக்கம்."

"அதுக்கென்ன, அடிச்சாப் போச்சு."

சத்தியக்கடதாசிக்குச் சீல் குத்தும் சமாதான நீதவான் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் பாலத்துக்குப் பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருந்தார். பெயின்ற் தகரங்களுக்கும் முள்ளுக்கம்பிச் சுருள்களுக்கும் பின்னால் ஒரு சின்ன அறையில் மேசை, சீல், மைப்பெட்டி. ரத்தினம்மாவைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்க, கிளாக்கர் ஊட்டம்மா. இரிங்க. கால் நோவு எப்பிடி?"

இருபது வருடமாக அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். போஸ் தாளை நீட்டினான். ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். வாசித்துக் காட்டாமல் சீல் குத்துவது அவருக்கு வழக்கமில்லை.

"கறுப்பையா ரத்தினம்மா ஆகிய நான், காலஞ்சென்ற இராமையா அவர்களின் இல்லத்தில் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு முதல் சம்பளத்துக்குச் சமையல் வேலை செய்துவந்தேன் என்றும், மேற்படி மோட்டார் வாகனம் அவருடைய சொத்து என்றும், அவருடைய வசதிக்காக எனது பெயர் பாவிக்கப்பட்டது என்றும், நான் எக்காலத்திலும் அவருக்கு மனைவியாக இருந்ததில்லை என்றும்..."

அங்கே நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, என்ன வேல இது? நான் இந்தப் புள்ளய எத்தன வருஷமாப் பாக்கிறன். பொய்க்கு சீல் குத்த ஏலாது."

"பொய்யில்ல ஹாஜியார். கல்யாண சர்டிபிகட் இருக்கான்னு கேளுங்க. இருந்தா இப்பவே இதக் கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

ஹாஜியார் அவள் பக்கம் திரும்பினார். "இரிக்கா, புள்ள?"

"இல்லீங்க."

"தாலி கீலி, கோயில்ல எழுதினது..."

"இல்லீங்க."

முன்கடையில் யாரோ இரண்டங்குல ஆணி கேட்டான். ஹாஜியார் அந்தப் பக்கம் பார்த்து, "வாறன், வாறன்," என்றார். திரும்பி மைப்பெட்டியை முன்னால் இழுத்தார். "அப்ப சட்டத்துல எழுதிரிக்கிறது சரிதான். என்ன செய்யிற. எங்க, கையெழுத்த வெய்ங்க."

இங்கேதான் சின்னச் சிக்கல். வேலைக்காரி என்று சொல்லும் தாளில் கறுப்பையா ரத்தினம்மா என்று கையெழுத்து வேண்டும். அவளுக்குத் தன் அப்பா பெயரை எழுதத் தெரியாது. யாரும் பழக்கவில்லை.

"அப்ப கைநாட்டு," என்றான் போஸ்.

அவள் கையை நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள். "தம்பி, நான் இருக்கிற ரூமு..."

"அதெல்லாம் வீட்டுல போய்ப் பேசிக்கலாம். ஹாஜியாருக்குக் கடை இருக்கு."

ஹாஜியார் அவள் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டித் தாளில் ஒற்றினார். பிறகு போஸ் மாற்றுப் படிவத்தை வைத்தான். அதில், புத்தகத்தில் உள்ளபடியே கையெழுத்து வேண்டும். அவள் மை பிரண்ட கையால் பேனையைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். இராமையா ரத்தினம்மா. ஒரு தாளில் இல்லை என்றும் அடுத்த தாளில் உண்டு என்றும் எழுத மொத்தம் இரண்டு நிமிடம் ஆனது. இந்த முறை மை கொட்டவில்லை.

"வடிவா எழுதிறீங்களே," என்றார் ஹாஜியார், எதையாவது சொல்ல வேண்டும் என்று. அவள் எழும்பும்போது, "பாத்துப் போங்க, ரத்தினம்மா," என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பேசவில்லை. போஸுக்கு வத்தளையில் அவசரம். கோமளா மட்டும் போவதற்கு முன் பின்னறையை எட்டிப் பார்த்து, கதவிலிருந்து யன்னல் வரை அடிவைத்து அளந்தாள். "வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. தரைக்கு டைல்ஸ் போட்டா கெம்பஸ் பிள்ளைங்க ரெண்டு பேர் வாடகைக்கு இருக்கலாம், இல்ல?" என்றாள். ரத்தினம்மாவைத்தான் கேட்டாள். ரத்தினம்மாவும் ஓம், இருக்கலாம் என்றாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானோடு ஒரு லொறியும் வந்தது. கார் போஸ் பேருக்கு மாறிவிட்டது. பழைய புத்தகத்தைக் கந்தோரில் எடுத்துக்கொண்டார்கள். வாங்க வந்தவர் தெஹிவளைக்காரர், பஹ்மி. பழைய கார்களைத் தேடித் தேடி வாங்கி, பழைய கார் ஊர்வலங்களில் ஓட்டுகிறவர். கொட்டகைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றினார், பள்ளிவாசலுக்குள் போகிறவரைப் போல.

"மாஷா அல்லாஹ். என்ன போஸ், இப்பிடி வச்சிரிக்கிறீங்க! டயரப் பாருங்க, ஒரு இடத்திலயும் அமுங்கல்ல."

கொண்டுவந்த பற்றரியை மாட்டி ஒரு விசையைத் தட்டினார். பக்கவாட்டிலிருந்து மஞ்சள் கை சட்டென்று வெளியே நீண்டது. பஹ்மி சின்னப்பிள்ளையைப் போலக் கைதட்டினார்.

"வேல செய்யிது! ஐம்பது வருஷத்துக் கை! யாரு இதுக்கு எண்ண போட்டது?"

"அப்பாவுக்குக் காருன்னா உசுரு," என்றான் போஸ்.

ரத்தினம்மா தட்டத்தில் தேத்தண்ணியோடு வந்து நின்றாள். போஸ் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பஹ்மியிடம் கொடுத்தான். புத்தகத்தின் போட்டோக்கொப்பி. அவள் கேட்டிருந்த அதே பக்கம்.

"இத நான் சட்டம் போட்டு மாட்டப் போறன்," என்று பஹ்மி விரல் வைத்து வாசித்தார். "முதல் ஓனர் வெள்ளக்காரன். ரெண்டாவது, மிஸஸ் இராமையா ரத்தினம்மா. அந்தக் காலத்தில ஒரு பொம்புளப் பேரில கார்! யாரு, உங்கட உம்மாவா?"

போஸ் ஒரு கணம் நிமிர்ந்தான். தட்டத்தையும் பார்த்தான், தட்டத்தைப் பிடித்திருந்த கையையும் பார்த்தான்.

"ஆமா. அம்மா."

"இரிக்கிறாங்களா?"

"இல்ல. தவறிட்டாங்க."

"இன்னா லில்லாஹி..." என்று பஹ்மி மெல்ல முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே ரத்தினம்மாவின் தட்டத்திலிருந்து கோப்பையை எடுத்தார். "சீனி கூடப் போட்டிரிக்கா, அம்மா?"

"அளவாத்தாங்க போட்டிருக்கு."

லொறியில் ஏற்றுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும் என்றார் பஹ்மி. குடும்பத்துக் கார் அல்லவா, குடும்பத்தோடு. போஸ் ஒரு கதவில் சாய்ந்தான். கோமளா மறுகதவில், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு. பஹ்மி கெமராவைக் கண்ணில் வைத்து, ஒரு கையை ஆட்டினார்.

"அம்மா, அந்த வாளியக் கொஞ்சம் அங்கால எடுங்க. நீங்களும் கொஞ்சம் அங்கால."

ரத்தினம்மா வாளியை எடுத்துக்கொண்டு அங்கால போனாள். மண்ணெண்ணெய்த் துணி வாளிக்குள் கிடந்தது.

லொறி இறக்கத்தில் திரும்பிப் பாலத்துப் பக்கம் போனது. கொட்டகையில் சக்கரம் நின்ற இடங்களில் நான்கு கறுப்புத் தடங்களும் அண்டைக் கல்லும் மட்டும் இருந்தன. கோமளா வானில் ஏறி, கதவைத் திறந்தபடி விட்டு, விசிறிக்கொண்டிருந்தாள்.

ரத்தினம்மா கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். போஸ் மேசைக்கு அருகில் நின்று போனுக்குச் சார்ஜ் போடும் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தான். அவள் தட்டத்தை மேசையில் வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"தம்பி."

"ம்."

"மாசம் முடியுது. பால்காரரு கேட்டுக்கிட்டிருக்காரு. அடுத்த மாசத்துக்கும் எனக்கு ஊத்தச் சொல்லவா?"

போஸ் வயரைக் கையில் சுற்றினான். இரண்டு சுற்று, மூன்று சுற்று. முனையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். மேசையிலிருந்த ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, வான் சாவியைத் தேடினான். அது மேசையில், அவள் பிடித்திருந்த தட்டத்துக்குக் கீழே கிடந்தது. அவள் கையில் படாமல் அதை எடுத்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனான்.